நியூட்ரலில் போட்டுத்தானே இழுத்தோம்!

போன வாரமும் எங்கள் கராஜுக்கு ஒரு டொயோட்டா அக்வா வந்தது, பெற்றோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் கார். தெகிவளையிலிருந்து கிராண்ட்பாஸ் வரை ஒரு வேனுக்குப் பின்னால் நைலோன் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். முன் பம்பர் ஒரு பக்கம் கிளிப் கழன்று தொங்கியது. கயிற்றைப் போய் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தால், ரேடியேட்டருக்குக் கீழே இருக்கிற மெல்லிய குறுக்குச் சட்டத்தில்! இழுவைக் கொக்கி டிக்கியில் கருவிப் பைக்குள் சுற்றிய கடதாசிகூடப் பிரியாமல் கிடந்தது.

சரி, காருக்கு என்ன நோய்? 12 வோல்ட் பற்றரி இறந்துவிட்டது. அவ்வளவுதான். வெள்ளவத்தையிலிருந்து வாகன மின்வேலை செய்கிற ஒரு வயரிங் பாஸை முச்சக்கரவண்டியில் வரவழைத்திருந்தால் அந்த இடத்திலேயே பற்றரியை மாற்றிவிட்டுத் தேநீரும் குடித்துவிட்டுப் போயிருப்பார். இப்போது பற்றரி மாற்றிய பிறகும் ஓடும்போது கியர் பக்கம் ஒரு முனகல் கேட்கிறது. கார் நின்றதற்கான செலவு ஒரு பற்றரி. அதைக் கராஜுக்குக் கொண்டுவந்த விதத்துக்கான செலவை இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எங்களிடம் வரும் பெரிய பில்களில் நிறைய இப்படித்தான். வாகனம் பழுதாகிறது குற்றமில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025இல். இடைப்பட்ட காலம் முழுக்க இருந்த வண்டிகளையே ஓட்டிக்கொண்டிருந்தோம். கொழும்பு வீதியில் ஓடுகிற ஹைபிரிட்களில் பெரும்பங்கு இப்போது நடுத்தர வயதைத் தாண்டியவை. நிற்கத்தான் செய்யும். நின்ற பிறகு முதல் அரை மணித்தியாலத்தில் நீங்களும் உங்கள் மச்சானும் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் காசு போகிறது.

அதற்குமுன் ஒரு சின்ன விசயம். "எனக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு பாஸ், அவங்க வந்து எடுப்பாங்க" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். முழுக் காப்புறுதி என்பது விபத்து, தீ, களவு போன்றவற்றுக்கு. என்ஜின் சூடாகி நின்றால், கியர் விழாவிட்டால், பற்றரி செத்தால் அது இயந்திரக் கோளாறு. பொலிசியில் பொதுவாக இதை விலக்கித்தான் எழுதியிருப்பார்கள். வீதியோர உதவி சில பொலிசிகளில் சேர்ந்தே வரும், சிலவற்றில் தனியாகக் காசு கட்ட வேண்டும், சிலவற்றில் கிடையவே கிடையாது. உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றைக்கே ஏஜெண்டிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றாலும் பயப்பட ஒன்றுமில்லை. பழுதான காரை ஏற்றிக்கொண்டு போகிற கேரியர் லொறியை நீங்களே கூப்பிடலாம், காசும் நீங்களே கொடுக்கலாம். அந்தக் கேரியர் காசை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் கயிறு வெளியே வருகிறது.

இனி அந்த நியூட்ரல் கதைக்கு வருவோம். எத்தனை தடவை சொன்னாலும் முடியாத கதை இது. "நியூட்ரல்லதானே போட்டு இழுத்தோம், அதுக்கென்ன?" என்று கேட்காதவர் இல்லை. எங்கள் அப்பாமார் ஓட்டிய கொரோலாவிலும் லான்சரிலும் அது சரி. மனுவல் கியரில் நியூட்ரல் போட்டால் சில்லு தனியே சுற்றும், கியர் பெட்டிக்குள் இருக்கிற எண்ணெய் தானாகவே தெறித்து வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த அனுபவத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அக்வாவுக்குப் போடுகிறோம்.

ஓட்டோமட்டிக் கியரில் எண்ணெயை எல்லா இடத்துக்கும் அனுப்ப ஒரு பம்ப் இருக்கிறது. அந்தப் பம்பைச் சுற்றுவது என்ஜின். என்ஜின் ஓடாமல் சில்லு மட்டும் உருண்டால் உள்ளே பாகங்கள் சுற்றும், எண்ணெய் போகாது. சிவிடி என்கிற ஓட்டோமட்டிக் கியர் வகை பூட்டிய வாகனத்துக்கும் இதே கதிதான். நியூட்ரலில் போட்டீர்களோ, சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டீர்களோ, பம்புக்கு அது தெரியாது.

ஹைபிரிட்டில் விசயம் இன்னும் மோசம். அக்வா, பிரியஸ் இரண்டிலும் ஒரு மின்மோட்டார் முன் சில்லுகளோடு எப்போதுமே இணைந்திருக்கிறது. நடுவில் கழற்றிவிடுகிற கிளட்ச் எதுவும் கிடையாது. நியூட்ரல் என்று டாஷ்போர்ட்டில் காட்டுவது கம்பியூட்டர் மின்சாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறது என்ற அர்த்தத்தில் மட்டும்தான். சில்லு சுற்றினால் மோட்டாரும் சுற்றும், காந்தம் உள்ள மோட்டார் சுற்றினால் மின்சாரம் பிறக்கும். கார் இறந்து கிடக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், உள்ளே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. இழுவை லொறியில் பின் பக்கத்தைத் தூக்கி, முன் சில்லு தரையில் உருள இழுக்காதே என்று தயாரித்தவனே கையேட்டில் எழுதி வைத்திருக்கிறான். கையேடு ஜப்பான் மொழியில் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பக்கத்தில் படமும் இருக்கிறது.

பிரியஸ்காரருக்கு ஒரு கூடுதல் தகவல். அதில் பார்க் பூட்டு மின்சாரத்தில் வேலை செய்வது. 12 வோல்ட் பற்றரி முழுக்க இறந்தால் பார்க்கிலிருந்து வெளியே வரவே வராது. அப்படியும் இழுத்து, முன் டயர் இரண்டும் வீதியில் தேய்ந்து தட்டையாக வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கயிற்றில் இழுபடுகிற காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்கிறவரை யாரும் நினைப்பதில்லை. பெரும்பாலும் அது வீட்டில் இருக்கிற ஒரு தம்பி. என்ஜின் ஓடாதபோது பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத்தான் மென்மையாக இருக்கும், அப்புறம் கல்லுப்போல இறுகிவிடும். ஸ்டியரிங்கும் பாரமாகிவிடும். முன்னால் போகிற வேன் பம்பலப்பிட்டியில் பஸ் ஒன்று குறுக்கே வந்ததற்காகச் சட்டென்று பிரேக் பிடித்தால் இந்தத் தம்பி என்ன செய்வார்? தொங்கிய பம்பரோடு தப்புவது அதிர்ஷ்டம்.

தள்ளி ஸ்டார்ட் எடுக்கிறதும் இதே வகை. ஓட்டோ காரை எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. கொழும்பின் காலி வீதியில் நாலு பேர் அன்போடு ஓடிவந்து தள்ளுவார்கள். நல்ல சனம். ஓரமாக ஒதுக்க மட்டும் தள்ளச் சொல்லுங்கள், நன்றி சொல்லி அனுப்புங்கள்.

சரி, என்னதான் செய்வது? முதலில் வழியை விடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் என்றால் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஏதாவது பக்கத்தில் இருக்கும், அதற்குள் தள்ளிவிட்டாலே பாதிப் பதற்றம் போய்விடும். 100, 101 பஸ்காரர்களின் ஹோர்னுக்குப் பயந்துதான் நிறையப் பேர் "இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம்" என்று முடிவெடுக்கிறார்கள். அவர்கள் அடிக்கட்டும். நாலு பக்க சிக்னலையும் போடுங்கள், பிள்ளைகளை இறக்கி நடைபாதையில் நிறுத்துங்கள். கட்டுநாயக்க அதிவேகப் பாதையிலோ தெற்கு அதிவேகப் பாதையிலோ நின்றால் கதையே வேறு. இடது பக்கக் கதவால் இறங்கி, பாதுகாப்பு வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு 1969க்கு அழையுங்கள். காருக்குள் ஏசி இல்லாமல் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருக்காதீர்கள், பின்னால் வருகிறவன் மணிக்கு 100 கிலோமீற்றரில் வருகிறான். ஆள் காயம் என்றால் 1990, பொலிஸ் 119. இந்த மூன்றும் போனில் இருக்கட்டும்.

அடுத்த அழைப்பு உங்கள் மெக்கானிக்குக்கு. கேரியருக்கு அல்ல. பாதி நேரம் கேரியரே தேவைப்படாது. ஆனால் "பாஸ், கார் நின்னுட்டு" என்று மட்டும் சொன்னால் நான் என்ன சாத்திரமா பார்ப்பது? டாஷ்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஓடும்போது நின்றதா, நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது ஸ்டார்ட் ஆகவில்லையா, நிற்குமுன் மணம், சத்தம், நடுக்கம் ஏதாவது வந்ததா, சொல்லுங்கள். ஹைபிரிட்டில் ஒரு விளக்கும் எரியாமல் செத்துக் கிடந்தால் முதல் சந்தேகம் 12 வோல்ட் பற்றரி. அதற்கு என்ஜினைச் சுற்றுகிற வேலை இல்லை, கம்பியூட்டரை எழுப்பினால் போதும், அதனால் சின்னப் பற்றரியிலேயே எழும்பிவிடும். ஜம்பர் வயர் கொடுக்க பொனட்டுக்குள் தனி இடம் இருக்கிறது. சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்தீர்களோ, மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற இன்வேர்ட்டர் பக்கம் பெரிய செலவு வரும். சந்தேகம் என்றால் கை வைக்காதீர்கள். கதவே திறக்கவில்லை என்று கண்ணாடியை உடைக்கப் போனவரும் உண்டு. ஸ்மார்ட் கீக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி இருக்கிறது, ஐயா.

எந்த நேரத்தில் நின்றாலும் ஒருவர் வந்து, "என்ட தம்பிட கராஜ் பக்கத்திலதான்" என்பார். சிலர் உண்மையாகவே உதவுகிறவர்கள். முச்சக்கரவண்டிக்காரர்கள் காப்பாற்றிய வாகனங்கள் எத்தனையோ. ஆனால் பொனட்டைத் திறந்த உடனேயே "ஹைபிரிட் பற்றரி போச்சு" என்று ஒருவர் சொன்னால் பொனட்டை மூடிவிடுங்கள். ஸ்கேனர் போடாமல் அதைச் சொல்ல என்னாலேயே முடியாது. பின் சீட்டுப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கிற வழி தூசியில் அடைபட்டாலும் எச்சரிக்கை விளக்கு எரியும், அதைத் துப்புரவாக்க உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு ஓட வேண்டியதில்லை.

கேரியர்தான் என்று முடிவானால் ஏற்றுமுன் பேசுங்கள். எங்கிருந்து எங்கே, மொத்தமாக எவ்வளவு, ஏற்றி இறக்கத் தனிக் காசா, காத்திருந்தால் கூடுமா. இரண்டு இடத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காரை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், பெறுமதியான சாமான்களை எடுத்துவிடுங்கள். தட்டுப் பலகையில் முழுக்க ஏற்றுகிற கேரியர் எந்த வாகனத்துக்கும் நல்லது. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி இழுக்கிறவர் வந்தால், எந்தச் சில்லு ஓட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் மேலே இருக்க வேண்டும். அக்வாவுக்கு முன் பக்கம். சுசுகி எவரி மாதிரிப் பின் சில்லு ஓட்டுகிற வேனுக்குப் பின் பக்கம். நாலு சில்லும் ஓட்டுகிறது என்றால் பலகை மட்டும்தான், பேரம் கிடையாது.

சூடாகி நிற்கிற கார்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இப்போதைய சின்னக் கார்கள் பலவற்றில் வெப்பமானி முள் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் எரிந்த இடத்திலேயே நிப்பாட்டுங்கள். "பொரளைவரை போயிடுவம்" என்று ஓட்டினால் என்ஜினின் மேல் பகுதியான ஹெட் வளையும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும். பச்சைத் தண்ணீரை என்ஜின் மேல் ஊற்றாதீர்கள். அரை மணி, முக்கால் மணி பொறுங்கள்.

மழைக்காலத்தில் ஆமர் வீதிப் பக்கம் தேங்குகிற தண்ணீருக்குள் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஒரு தடவைகூட. காற்று போகிற வழியால் தண்ணீர் உள்ளே போயிருந்தால், தண்ணீர் காற்றுப்போல அமுங்காது, பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். தண்ணீரில் நின்ற என்ஜினைக் கழுவிக் காயவைத்துத் தந்துவிடலாம். ஸ்டார்ட் பண்ணிப் பார்த்த என்ஜினைத் திறக்கத்தான் வேண்டும். அக்வாவில் ஹைபிரிட் பற்றரி பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது என்பதையும் தண்ணீருக்குள் இறக்குமுன் யோசியுங்கள்.

இரவில் தனியாக வருகிற தங்கச்சிமாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கூச்சப்படாமல் எங்களுக்கு அழையுங்கள். வெளிச்சமான இடம், பெற்றோல் செட், திறந்திருக்கிற கடை வாசல் எதற்காவது போய் நின்றுகொண்டு அழையுங்கள். தெரியாதவர் கையில் சாவி போகக்கூடாது. கார் அங்கேயே ஒரு இரவு நின்றாலும் பரவாயில்லை, விடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, டிக்கியைத் திறந்து பாருங்கள். காரைத் தூக்குகிற ஜக் இருக்கிறதா, சில்லு கழற்றுகிற சாவி இருக்கிறதா, ஸ்பெயார் டயரில் காற்று இருக்கிறதா, அல்லது உங்களுக்கு ஸ்பெயார் டயரே இல்லாமல் காற்றடிக்கிற மோட்டார் மட்டும்தான் தந்திருக்கிறார்களா. களவு போகாமல் இருக்க அலோய் சில்லுக்கு லொக் நட் போட்டவர்கள் அதற்கான தலையைத் தேடி எடுங்கள். அது இல்லாமல் என்னாலும் சில்லைக் கழற்ற முடியாது. டிக்கியில் இல்லையென்றால் பெரும்பாலும் கடைசியாக டயர் மாற்றிய கடையில்தான் இருக்கும்.