பாலம் ஏறும்போது வண்டி ஏன் தூக்கிப் போடுது?

பாலத்துல ஏறும்போது வண்டி ஒரு குதி குதிக்குமே, உடனே கான்ட்ராக்டரத்தான் திட்டுவோம். பல இடத்துல திட்டு வாங்க வேண்டியது எங்கள மாதிரி மண்ணு ரிப்போர்ட் எழுதுற ஆளுங்க. பாலம் பைல் மேல, அதாவது தரைக்குள்ள ஆழமா இறக்குன தூண் மேல நிக்குது, பெருசா இறங்காது, ஆனா அதுக்குப் பக்கத்துல கொட்டுன மண் கரை களிமண் மேல உக்காந்திருக்கு, உள்ள இருக்கிற தண்ணி பிழிஞ்சு வெளிய போகப் போக வருஷக்கணக்கா இறங்கும்.

எத்தன வருஷம்னு கேட்டா நானும் ஆரம்பத்துல ஒரே நம்பர் எழுதிக் குடுத்தவன்தான். இப்ப கை வராது.

கணக்க பாருங்க. 10 மீட்டர் களிமண், மேலயும் கீழயும் மணல், தண்ணி ரெண்டு பக்கமும் வெளிய போகும். சிவி-ன்னு சொல்ற கன்சாலிடேஷன் வேகம் (தண்ணி பிழிஞ்சு மண் அமுங்குற வேகம்) வருஷத்துக்கு 1 சதுர மீட்டர்னா 90 சதவீதம் இறங்கி முடிக்க 21 வருஷம், 2-ன்னா பத்தரை, அரைன்னா 42. ஒரே போர்ஹோல்ல (மண்ண சோதிக்க தரைல போடுற துளை) மேல கீழ எடுத்த ரெண்டு சாம்பிளே லேப்ல இப்படி ஆளுக்கொரு நம்பர் காட்டும். அதுக்கும் மேல, களிமண்ணுக்கு நட்டநடுவுல ரெண்டு இன்ச் மணல் பட்டை ஓடுச்சுன்னா தண்ணி போற தூரம் பாதியாகி 21 வருஷம் அஞ்சா குறைஞ்சிடும், ஆனா நாம ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவதான் சாம்பிள் எடுக்கிறோம், பட்டை கண்ணுல படாமலே போயிடும், பட்டாலும் அது பத்தடில முடியுதா கரை முழுக்க ஓடுதான்னு யாருக்குத் தெரியும்?

எவ்வளவு இறங்கும்ங்கிறதுல இவ்வளவு ஆட்டம் இல்ல, ஆனா இருக்கு. மண் பொறியாளர் டங்கன் 2000-ல தொகுத்ததுல களிமண் எவ்வளவு அமுங்கும்னு சொல்ற குணகம் சராசரில இருந்து 10-ல இருந்து 37 சதவீதம் வரைக்கும்தான் மாறுது, சிவி 33-ல இருந்து 68. சாம்பிள் டியூப டாடா ஏஸ்ல குலுக்கிக் கொண்டு வந்தா மண்ணு முன்னாடி தாங்குன பாரமே அதுக்கு மறந்து போகும், நாலு மீட்டர் கரைக்கு ஒரு மீட்டர்னு வர வேண்டிய செட்டில்மென்ட், அதாவது இறக்கம், கணக்குல ஒன்றரைய தொடும்.

அதனால இப்ப மூணு கணக்கு போடுறேன், நல்லது, நடுவாந்திரம், மோசம். கிளையண்ட் மூஞ்சி சுருங்கும், "ஒண்ணு சொல்லுங்க சார்"னுவார். அப்ப செட்டில்மென்ட் பிளேட் (கரைக்கு அடில வெச்சு, மேல நீட்டுற ராட வெச்சு இறக்கம் அளக்குற தகடு) வைங்க, கரை போட்டு முடிச்சதும் ஆறு மாசம் ரீடிங் குடுங்க, குறுக்கிச் சொல்றேன்னுதான் பதில். அசவோகாங்கிற ஜப்பான் பொறியாளர் 1978-ல சொன்ன முறை போதும், சம இடைவெளில எடுத்த ரீடிங்க முந்தினதோட சேர்த்து கிராஃப்ல போட்டா அந்தக் கோடு 45 டிகிரி கோட்ட தொடுற இடந்தான் கடைசி இறக்கம், போர்ஹோல்ல தப்பிச்ச மணல் பட்டையும் தானா அதுல சேர்ந்துடும். மோசமான பக்கம் போகுதுன்னா மேல இன்னும் மண்ண ஏத்தி காத்திருக்கலாம், தார் போட்டப்புறம் அதெல்லாம் நடக்காது.

ஆனா நான் போன முக்கால்வாசி சைட்ல பிளேட் ராடு ரோலர் மோதி வளைஞ்சு கெடக்கும். சுத்தி நாலு ட்ரம் வெச்சு சிவப்பு பெயிண்ட் அடிங்க, ஆபரேட்டருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அது என்னன்னு சொல்லி வைங்க.