பேலன்ஸ் என்றால் சமநிலையா?

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் மாதிரி மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள், விதிகளின் 'பேலன்ஸ்' என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'சமநிலை' என்று போட்டுவிடுகிறார்கள். 'இந்த விளையாட்டில் சமநிலை இல்லை' என்று படிப்பவருக்கு என்ன தோன்றும்? டிரா ஆகவில்லை, யாரோ ஜெயித்துவிட்டார்கள் என்றுதான். 'ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது' என்று படித்துப் பழகிய கண் ஆயிற்றே!

மூலச்சொல் லத்தீன் 'பிலாங்க்ஸ்'. இரண்டு தட்டு உள்ளது, அதாவது தராசு. நம் பேச்சிலோ பேலன்ஸ் என்றால் கண்டக்டர் தர வேண்டிய மீதிச் சில்லறை. அது கிடக்கட்டும்.

இந்த விளையாட்டில் எதிரணியே கிடையாது. எல்லாரும் ஒரே குழு. எதிரிகளை நடத்தும் டன்ஜன் மாஸ்டரும் யாரையும் தோற்கடிக்க உட்காரவில்லை. அரக்கன் பலம் அதிகமென்றால் அவரே குறைத்துக்கொள்வார். அதனால் விதிகளை அணுஅணுவாக நிறுத்துப் பார்க்கும் அவசியம் சதுரங்கத்தில் இருக்கிற அளவுக்கு இங்கே இல்லை. ஒருவர் மட்டுமே எல்லாச் சண்டையையும் முடித்து, மற்றவர்கள் பகடையை உருட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: ஈடு. 'அவனுக்கு இவன் ஈடு கொடுக்கிறான்' என்கிறோமே, அந்த ஈடு.

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நிலை மந்திரவாதி தீப்பந்து வீசினால் 8 அறுமுகப் பகடை, சராசரி 28 சேதம், வளையத்துக்குள் சிக்கிய அத்தனை பேருக்கும். பக்கத்தில் போர்வீரன் வாளை இரண்டு முறை வீசுகிறான், பாவம். ஆனால் தீப்பந்து போன்ற பெரிய மந்திரம் நாளுக்கு இரண்டு மூன்றுதான், வாளுக்குக் கணக்கே இல்லை. இங்கே இருவரும் சமம் இல்லை, ஈடு. தூங்கி எழுந்தால் தீர்ந்த மந்திரங்கள் திரும்பிவிடும் என்பதால், ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு மாஸ்டர் எல்லாரையும் தூங்க விட்டால் அந்த ஈடு போய்விடும். 1974-இல் வந்த முதல் விதிநூலும் இப்படித்தான் ஈடுகட்டியது: இரண்டாம் நிலைக்குப் போக வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். தொடக்கத்தில் அவருக்கு நாளுக்கு ஒரே மந்திரம்.

'சமச்சீர்' என்று எழுதுபவர்களும் உண்டு. அது எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம். 2008-இல் நான்காம் பதிப்பு கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது: எப்போதும், சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை பயன்படுத்தும் திறன்கள் என்று வீரன், மந்திரவாதி எல்லாருக்கும் ஒரே அச்சு. எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி இருக்கிறது என்று பலர் முகம் சுளித்தார்கள். 'சமன்பாடு' என்று எழுதுபவர்கள் கணக்கு நோட்டை ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

ஈடு என்றால் அடமானமும்தானே என்பீர்கள். சரி, ஆனால் 'வீரன் மந்திரவாதிக்கு ஈடு இல்லை' என்றால் யாரும் நகைக்கடைக்குப் போய் நிற்கமாட்டார்கள். மற்றவர்களை மிஞ்சிவிட்ட பாத்திரத்தை 'ஈடிணையற்றது' என்று சொல்லிக்கொள்ளும் வசதி வேறு.

இந்த லட்சணத்தில், டன்ஜன் மாஸ்டருக்குப் பொதுப்பெயரான கேம் மாஸ்டரை 'விளையாட்டு ஆசிரியர்' ஆக்கியிருக்கிறார்கள். பி.டி. சார் விசிலோடு வந்து நிற்கிறார்.