நீரின் அடியில் தங்கும் நஞ்சு

சென்ற ஆண்டு மட்டக்குளியிலிருந்து ஒருவர் தமது வீட்டுக் கிணற்று நீரைச் சோடாப் போத்தல் ஒன்றில் அரைவாசி நிரப்பி, நான் பணியாற்றும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார். பக்கத்துக் காணியில் இயந்திரப் பாகங்களின் கிறீஸைக் கழுவும் பட்டறை பல ஆண்டுகள் இயங்கியதாகவும், கழுவிய திரவத்தை நிலத்தில் ஊற்றியதைத் தாம் கண்டதாகவும், மணமோ நிறமோ இல்லாததால் அந்நீரைக் கொதிக்கவைத்துக் குடித்து வருவதாகவும் கூறினார். அந்தப் போத்தலைக் கொண்டு அவருக்கு எந்தப் பதிலும் சொல்ல என்னால் இயலவில்லை.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோதும், 2015 ஆகஸ்டில் களனி கங்கையில் டீசல் கசிந்து கொழும்பின் நீர் விநியோகம் தடைப்பட்டபோதும், மக்கள் அதைக் கண்ணாலும் மூக்காலும் அறிந்தார்கள். எண்ணெய் மிதக்கும். கிறீஸ் அகற்றப் பயன்படும் ட்ரைகுளோரோஎதிலீனும், உலர்சலவைக்குப் பயன்படும் டெட்ராகுளோரோஎதிலீனும் ஆகிய கரைப்பான்கள் (அழுக்கையும் கொழுப்பையும் கரைக்கும் திரவங்கள்) அப்படியல்ல. அவை நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானவை என்பதால், நிலத்தில் ஊற்றினால் மணலினூடாக இறங்கி, நிலத்தடி நீரையும் கடந்து அடியில் தேங்கி, அங்கிருந்து பல பத்தாண்டுகளுக்குச் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே இருக்கும். தீங்கு விளைவிக்கும் அளவிலும் அவற்றின் மணம் நாசிக்குத் தெரியாமற்போகலாம்.

இதன் விளைவை உலகம் விரிவாகக் கண்டது அமெரிக்காவின் வட கரோலைனாவிலுள்ள லெஜூன் மரைன் படை முகாமில்தான். 1953 முதல் 1987 வரை அங்கு வாழ்ந்தோருக்குக் குழாயில் வந்த குடிநீரில் இக்கரைப்பான்கள் கலந்திருந்தன. ஒரு பகுதிக் கிணறுகளைக் கெடுத்தது முகாமுக்கு வெளியே இருந்த ஓர் உலர்சலவைக் கடை. ஒரு சிறு கடையின் கழிவு ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நீரைக் கெடுத்தது என்பதே எனக்கு அதில் மிகவும் உறைக்கும் செய்தி. 1982இல் லீற்றருக்கு 1,400 மைக்ரோகிராம் ட்ரைகுளோரோஎதிலீன் முகாமின் வேறொரு பகுதியின் நீரில் அளவிடப்பட்டது. இன்று அந்நாடு குடிநீரில் அனுமதிக்கும் உச்ச அளவு 5 மைக்ரோகிராம். இச்சேர்மம் மனிதரில் சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது. அம்முகாமில் பணியாற்றிய படையினரிடையே பார்க்கின்சன் நோய்க்கான வாய்ப்பு, மாசுபடாத மற்றொரு முகாமில் இருந்தோரைவிட 70 சதவீதம் அதிகம் என 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

கொதிக்கவைத்தல் பற்றிச் சொல்ல வேண்டும். கொதித்தாறிய நீர் கிருமிகளுக்கு எதிரான நல்ல காவல் என்பதில் ஐயமில்லை. ஆனால் கரைப்பான் ஆவியாகி அடுப்படியின் காற்றில் கலக்கும். அடுப்பருகே நிற்பவர் அதைச் சுவாசிப்பார். வெந்நீரில் குளிக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. குளோரின் இடுவதாலும் இது நீங்காது. உயிர்ப்பூட்டிய காபன் வடிகட்டியும், நீரினூடாகக் காற்றைச் செலுத்தி ஆவியாக்கி வெளியேற்றும் முறையும் பயன் தருபவை. வடிகட்டியைக்கூட உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பயனில்லை.

அம்பத்தளையில் சுத்திகரிக்கப்படும் களனி நீரைவிட, கராஜ்களுக்கும் சலவைக் கடைகளுக்கும் அருகிலுள்ள கிணறுகளே எனக்குக் கூடுதல் கவலை தருகின்றன. ஓடும் ஆற்றில் கரைப்பானின் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். நிலத்தடியில் அதற்கு வழியில்லை. கொலிபோம் பற்றீரியா, நைத்திரேற்று, வன்மை ஆகியவற்றை மட்டும் பார்க்கும் வழமையான அறிக்கை இதைக் காட்டாது; ஆவியாகும் சேர்மங்களைப் பிரித்து அளக்கும் காஸ் குரோமற்றோகிராபி சோதனையைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

அரைப் போத்தல் நீர் பயன்படாததற்குக் காரணமும் இந்த ஆவியாகும் இயல்புதான்: மேலே இருக்கும் வெற்றிடத்துக்குக் கரைப்பான் தப்பிவிடும், பிளாஸ்ரிக்கும் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே நீரை எடுப்பதற்கு முன்னரே ஆய்வுகூடத்திடம் கேட்டு, அவர்கள் தரும் சிறிய கண்ணாடிக் குப்பியை ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, பனிக்கட்டியில் வைத்து, தாமதமின்றிக் கொண்டுவாருங்கள். மட்டக்குளிக்காரருக்கும் அன்று அத்தகைய இரண்டு குப்பிகளைக் கொடுத்தனுப்பினேன்.