மோடம் டயல் செய்தால் மவுஸ் ஏன் நின்றுபோகிறது?

1990களின் கணினி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து ஓட்டிப் பார்க்கிறீர்கள். தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தோடு இணைக்கும் மோடம் டயல் செய்யத் தொடங்கியதுமே திரையில் மவுஸ் அம்பு அசையாமல் நின்றுவிடுகிறது. மோடம் கார்டைக் கழற்றினால் மவுஸ் ஒழுங்காக ஓடுகிறது. மவுஸைக் கழற்றினால் மோடம் ஒழுங்காக வேலை செய்கிறது. தனித்தனியே இரண்டும் நல்லவைதான். சேர்ந்தால்தான் தகராறு. வன்பொருள் மோதலுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை.

எந்தச் சாதனமும் தனக்குக் கவனிப்பு தேவைப்படும்போது ப்ராசஸரைக் கூப்பிட்டாக வேண்டும். அந்த அழைப்பின் பெயர் இன்டரப்ட். அதை அனுப்புவதற்கான கம்பியைத்தான் ஐஆர்கியூ என்கிறோம். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் 8259 வகை சிப் ஒன்று 8 கம்பிகளைக் கவனித்தது. 1984இல் வந்த ஏடி மாடலில் இரண்டாவது சிப் சேர்ந்தது. அதை முதல் சிப்போடு இணைக்கவே ஒரு கம்பி செலவானதால் கையில் மிஞ்சியது 15. அதிலும் 0ஆம் எண் டைமருக்கு, 1 கீபோர்டுக்கு, 6 பிளாப்பிக்கு, 14 ஹார்ட் டிஸ்க்குக்கு என்று பாதிக்கு மேல் முன்பே போய்விடும்.

மவுஸ், மோடம் போன்றவை இணையும் காம் போர்ட்டுகளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மவுஸ் காம் 1, மோடம் காம் 3. எண்கள் வேறு, ப்ராசஸர் அவற்றோடு பேசும் போர்ட் முகவரிகளும் வேறு. ஆனால் வழக்கமான அமைப்பில் இரண்டுக்கும் ஐஆர்கியூ 4தான். காம் 2, காம் 4 இரண்டுக்கும் 3. கார்டுகளைச் செருகும் பழைய ஐஎஸ்ஏ வகை ஸ்லாட்டுகளில் கம்பியின் மின்னழுத்தம் தாழ்விலிருந்து உயரும் அந்தக் கணத்தை மட்டுமே சிப் கவனிக்கும். மோடம் ஏற்கெனவே கம்பியை உயர்த்திப் பிடித்திருந்தால், மவுஸ் எழுப்பும் அழைப்பு சிப்புக்குத் தெரியவே தெரியாது.

சவுண்ட் கார்டில் இதே கோளாறு வேறு விதமாகக் காதில் விழும். விளையாட்டு தொடங்கியதும் ஒலியின் முதல் துணுக்கு மட்டும் சரியாக வந்து, பிறகு அதுவே திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஒலித் தரவை நினைவகத்திலிருந்து கார்டுக்குக் கொண்டுபோவது டிஎம்ஏ. அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ‘தீர்ந்துவிட்டது, அடுத்ததைக் கொடு’ என்ற இன்டரப்ட் மட்டும் போய்ச் சேரவில்லை. சவுண்ட் பிளாஸ்டர் வகைக் கார்டென்றால் பெரும்பாலும் முகவரி 220, ஐஆர்கியூ 5, டிஎம்ஏ 1. கார்டில் உள்ளதும் விளையாட்டின் அமைப்பில் உள்ளதும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள்.

அதனால் கார்டுகளை மாற்றி மாற்றிச் செருகுவதற்கு முன், எந்தக் கணத்தில் கோளாறு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 95இல் டிவைஸ் மேனேஜரின் உச்சியில் உள்ள ‘கம்ப்யூட்டர்’ என்ற வரியைத் திறந்தால், எந்த எண் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். எண்ணைக் கையால் அமைக்கும் ஜம்பர் வைத்த பழைய கார்டு விஷயத்தில் அந்தப் பட்டியலை அப்படியே நம்பக் கூடாது. கார்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை ஜம்பர்தான் சொல்லும்.

மவுஸ்–மோடம் சிக்கலுக்கு எனக்குப் பிடித்த தீர்வு இது: கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில், யாரும் பயன்படுத்தாத காம் 2ஐ முடக்கிவிட்டு, அந்த இடத்தையும் ஐஆர்கியூ 3ஐயும் மோடமுக்குக் கொடுப்பது. மின்சாரத்தைத் துண்டித்து, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு கார்டை வெளியே எடுங்கள். இரட்டை ஊசிகளின் மேல் சிறு கறுப்புத் தொப்பிபோல் உட்கார்ந்திருப்பதுதான் ஜம்பர். உள்ளே இருக்கும் உலோகத் துண்டு இரு ஊசிகளையும் இணைக்கிறது. எந்த ஜோடி எதற்கென்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். நகர்த்துவதற்கு முன் இருந்த நிலையைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைத் தானாகவே பெறும் பிளக் அண்ட் பிளே கார்டுகளும் அதே கணினியில் இருந்தால், ஜம்பர் கார்டுக்குக் கொடுத்த எண்ணை பயாஸில் ‘லெகசி ஐஎஸ்ஏ’ என்று ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை ஆன் செய்யும்போது அதே எண் வேறொரு கார்டுக்குப் போய்விடலாம்.

ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த பிசிஐ வகைக் கார்டுகள் இரண்டு ஒரே ஐஆர்கியூ 11ஐப் பகிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். அங்கே கம்பி தாழ்ந்திருக்கும்வரை அழைப்பு உயிரோடு இருக்கும். ஒரு சாதனத்தைக் கவனித்து முடித்த பிறகும் மற்றது விடாமல் பிடித்திருந்தால் ப்ராசஸர் மறுபடி வந்து பார்க்கும். சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் மோசமாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அங்கும் தகராறு வரும். அப்போது கார்டை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ஸ்லாட்டுகளின் இன்டரப்ட் கம்பிகளைப் பொதுவாக வரிசை மாற்றித்தான் இணைத்திருப்பார்கள் என்பதால், பெரும்பாலும் வேறு எண் கிடைத்துவிடும்.