வாடிய செடிக்கெல்லாம் தாகம் இல்லை

சென்ற ஆடி மாதம் ஓர் அம்மா தம் மாடித் தோட்டத்துத் தக்காளிச் செடியை வளர்ப்புப் பையோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். "காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன் சார். அப்படியும் வாடிக்கொண்டே போகிறது" என்றார். பையைத் தூக்கினேன், கல்லாய்க் கனத்தது. விரலை விட்டுக் கிளறியதும் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. ஒரு வேரைப் பிடித்து லேசாக இழுத்தால் பழுப்புத் தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. உள்ளே நூல்போல ஒரு நரம்புதான் மிச்சம்.

மாடித் தோட்டக்காரர்கள் என்னிடம் கொண்டுவரும் செடிகளில் காய்ந்து செத்தவை குறைவு. அன்பு மிகுதியால் ஊற்றி ஊற்றி மூச்சுத் திணறியவைதான் அதிகம்.

செடி ஆக்சிஜனைத் தரும் என்று பள்ளியில் படித்ததோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அது பகலில் பச்சை இலை செய்யும் வேலை. இருட்டில் கிடக்கும் வேருக்கு அந்த வசதி கிடையாது. இலை அனுப்பும் சர்க்கரையை எரித்துத்தான் வேர் உயிர் வாழ்கிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் மண் துகள்களின் இடுக்குகளில் இருக்கும் காற்றிலிருந்து வரவேண்டும். நாம் விடாமல் ஊற்றும்போது அந்த இடுக்குகளில் காற்று போய் நீர் நிறைந்துவிடுகிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். வெயிலில் சூடேறிய மொட்டைமாடியில் நிலைமை இன்னும் மோசம். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது, வேரின் தேவையோ கூடுகிறது.

மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சாமல் போவது ஏன்? வேரின் செல் சவ்வுகளில் நீர் புகுவதற்கென்றே நுண்ணிய வாயில்கள் உண்டு. இந்த வகை வாயில்களைக் கண்டறிந்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரே 2003-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆக்சிஜன் இல்லாதபோது செல்லின் உள்ளே அமிலத்தன்மை கூடி, இந்த வாயில்கள் மூடிக்கொள்கின்றன. வேரைச் சுற்றி நீர் நிற்கிறது, இலைக்கோ போய்ச் சேரவில்லை. இலை தொங்குகிறது. பாவம் தாகம் போலும் என்று நாம் இன்னும் ஒரு வாளி ஊற்றுகிறோம்.

நெல் மட்டும் எப்படி நீரில் நிற்கிறது என்று கேட்பார்கள். தாமரைத் தண்டை ஒடித்துப் பாருங்கள், உள்ளே துளை துளையாகத் தெரியும். அவை காற்றுக் குழாய்கள். நெல்லின் வேரிலும் அப்படி உண்டு. தக்காளிக்கும் மிளகாய்க்கும் அந்த ஏற்பாடு இல்லை.

அப்படியானால் தாகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நடுப்பகலில் பூசணி, சுரை இலைகள் தொங்கினால் பதற வேண்டாம். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை ஆவியாக்குகிறது, மாலையில் நிமிர்ந்துவிடும். விடியற்காலையில் பாருங்கள். அப்போதும் தொங்கினால் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரமாக இருந்தால் சிக்கல் வேரில். தக்காளியில் இன்னோர் அடையாளமும் உண்டு: நீர் தேங்கினால், இலை துவளாமலேயே இலைக்காம்பு கீழ்நோக்கி வளையும். செடி தானே உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயுவின் வேலை அது.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் நீர் வடியும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். நுண்ணிய மண்ணிலிருந்து நீர் அவ்வளவு எளிதாகப் பெரிய கல்லுக்கு இறங்காது. கல்லின் மேலேயே தேங்கி, வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். துளைகள் அடைபடாமல் பார்ப்பதும், அடித்தட்டில் நிற்கும் நீரைக் கொட்டுவதும் போதும். தென்னை நார்க்கழிவு நிறையக் கலந்த பையில் மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அழுகிய வேருக்கு உரமும் வேண்டாம்.

"எத்தனை நாளைக்கு ஒரு முறை ஊற்றலாம் சார்?" என்று அந்த அம்மா கேட்டார். நாள் கணக்கு சொல்லவில்லை. தண்ணீர் விட்டதும் ஒருமுறை பையைத் தூக்கிப் பாருங்கள், பாதிக் கனம் ஆனபின் விடுங்கள் என்றேன். அவருடைய செடியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அதில் வாடாமல் நின்ற ஒரு பக்கக் கிளையை வெட்டிப் புது மண்கலவையில் ஊன்றச் சொன்னேன். தக்காளித் தண்டு வேர்விடக்கூடியது. இரண்டு வாரம் கழித்து அவர் அனுப்பிய படத்தில் வேர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன.