லோச்-னா வேற எதுவும் இல்ல, நம்ம அயிரைதான்

அக்கா பையன் கலர் மீன் கடையில 'லோச்' வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்தான், தொட்டியில விட்டதும் அடி மணல்ல மூக்க விட்டுத் துழாவுது, பாத்த உடனே எங்கம்மா "இது அசரைக்குச் சொந்தக்காரனாட்டம் இருக்கே"ன்னாங்க. அம்மா சொன்னது சரிதான். லோச்ங்கறது பழைய பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்குப் போன பேரு, அந்த வகை மீனுக்குத் தமிழ்ல எப்பவோ பேரு இருக்கு: அயிரை. மதுரைப் பக்கம் குழம்பு வைக்கிற அதே அயிரைதான்.

அயிரைய அசரைன்னு சொன்னா சிலர் கொச்சைன்னு திருத்துவாங்க, அப்படித் திருத்த வேண்டியதே இல்ல. உயிர் உசிராச்சு, முயல் முசலாச்சு, அதே வழியிலதான் அயிரையும் அசரையாச்சு. ரெண்டுமே நம்ம சொல்லுதான், எழுதும்போது மட்டும் அயிரைன்னு எழுதிக்கலாம்.

எங்கிருந்து வந்துச்சுன்னா, 'அயிர்'னா நுண்மணல். மணலோட மணலா, மணல் நிறத்துலயே கிடக்குற மீனுக்கு அயிரைன்னு பேரு வந்தது அதனாலதான்னு எனக்குப் படுது, தண்ணிக்குள்ள ஒரு தடவ பாத்தவங்களுக்கு இது புரியும். சொல்லு ரொம்பப் பழசு. குறுந்தொகை 128ஆவது பாட்டுல பரணர் ஒரு கிழட்டு நாரையச் சொல்றாரு, அது இருக்கிறது கிழக்குக் கடல் ஓரம், சிறகு உதிர்ந்து பறக்க முடியாத நிலை, ஆனா மேற்க சேரனோட தொண்டித் துறையில இருக்குற அயிரைக்கு ஆசப்பட்டு கழுத்த நீட்டுதாம். எட்டாத ஆளு மேல ஆசப்படுற மனசுக்கு உவமையா வந்த மீனு இது! இந்த மாதிரி ஒரு பேர வச்சுக்கிட்டு லோச்னு சொல்ல எனக்கு மனசு வரல.

நம்மூரு அயிரையோட அறிவியல் பேரு லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ். முதல் பாதி கிரேக்கம், தலையில செதில் உள்ள மீனுன்னு அர்த்தம். பின்னாடி உள்ள தெர்மாலிஸ் எதுக்குன்னா, 1846ல வாலன்சியன்ங்கற பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் இத விவரிச்சப்போ அவருக்குக் கிடைச்ச மீனு திருகோணமலை கன்னியா வெந்நீரூத்துல பிடிச்சது. அந்தச் சூடு பேருலயே ஒட்டிக்கிச்சு.

வாய்க்கால்ல துண்டு போட்டுப் பிடிச்சா கெண்டக் குஞ்சு, கெளுத்திக் குஞ்சு, ஆரல் எல்லாம் ஒண்ணா வரும், அதுல அயிரைய எப்படிப் பிரிக்கிறதுன்னா வாயப் பாருங்க. வாய் கீழ்ப்பக்கமா இருக்கும், சுத்தி மூணு ஜோடி குட்டி மீசை, ஒடம்பு விரல் நீளம் கூட வராது, பக்கவாட்டுல கருப்புத் திட்டு வரிசையா இருக்கும். கெண்டைக்கு ஒடம்பு பட்டையா வெள்ளி மாதிரி மின்னும். ஆரலுக்கு மூக்கு கூரா நீண்டுருக்கும், முதுகுல முள்ளு வரிசை. கெளுத்திக்குத் தல அகலம், மீசை நீளம், செதிலே கிடையாது. இன்னும் சந்தேகம்னா அயிரையக் கையில எடுத்து மெதுவா பொத்திப் பாருங்க, கண்ணுக்குக் கீழ ரெண்டு கவரா ஒரு சின்ன முள் மடங்கிக் கிடக்கும், பயந்தா விறைச்சுக்கும், சுருக்குனு குத்தும். சின்ன வயசுல அது கடிச்சிருச்சுன்னு நான் அழுதிருக்கேன், கடிக்கல, அந்த முள்ளுதான்.

சந்தையில வாளிக்குள்ள கொஞ்சத் தண்ணியிலயே உசிரோட நெளியிதே, அதுக்கும் காரணம் இருக்கு. தண்ணியில பிராணவாயு கொறஞ்சா மேல வந்து ஒரு வாய் காத்த முழுங்கும், அத குடல் வழியா இழுத்துக்கும். வீட்டுல பால் கலந்த தண்ணியில உசிரோட போட்டு வைக்கிறது, வயித்துல இருக்குற மண்ணக் கக்கட்டும்னுதான். அப்புறம் கல்லுப்பு போட்டு உரசி வழுவழுப்பு போகக் கழுவணும். தல கூட கிள்ள மாட்டாங்க, முழு மீனா அப்படியே புளிக்கொழம்புல போயிரும்.

பையன் இப்போ தொட்டி மேல பேப்பர் ஒட்டிருக்கான், 'வெளியூர் அயிரை'ன்னு.