கோவை இரண்டு நாள், ஊட்டி இரண்டு நாள்: மலை ஏறும் நாளுக்கும் ஒரு திட்டம் போடுங்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையத்தில் எங்களைப் போன்ற டாக்டர்களிடம் இரண்டு கூட்டம் வரும். மலை ஏறப் போகிறவர்கள் ஒரு கூட்டம், இறங்கி வந்தவர்கள் இன்னொரு கூட்டம். இவர்களுடைய லீவுத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கோவையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி பேரூர், மருதமலை, துணிக்கடை என்று இரண்டு நாள். அப்புறம் ஊட்டியிலோ குன்னூரிலோ ரூம் போட்டு இரண்டு நாள். ரூமைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மாசக்கணக்கில் பேசியிருப்பார்கள். கோவையிலிருந்து மேலே போகும் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நான் பார்க்கும் தொல்லைகளில் பெரும்பகுதி அந்த நாளில்தான் ஆரம்பிக்கிறது.

உடம்புக்கு அது சின்ன மாற்றம் இல்லை. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். கீழே 36 டிகிரியில் வேர்த்துக் கொட்டிய உடம்பு, சாயங்காலம் ஸ்வெட்டர் தேடும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஆரோக்கியமானவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. இதயம் பலவீனமானவர்கள், நாள்பட்ட மூச்சிரைப்பு உள்ளவர்கள், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் நாலு படி ஏறியதும் உணர்வார்கள். அவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பாவது தங்கள் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. தேவைப்பட்டால் ஊட்டிக்குப் பதில் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் வால்பாறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சீசனில் திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மலை ஏற்றம் தொடங்கும் கல்லாறு வரை போய், டிராஃபிக்கில் மாட்டி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தது. "ஏனுங்க டாக்டர், வாந்தி மாத்திரை ஒண்ணு குடுங்க. மாமனாருக்குத் தலை சுத்துதுங்க" என்றார் மருமகள். வண்டியில் இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே வாந்தி எடுத்திருந்ததால் பெரியவருக்கும் அதேதான் என்று நினைத்துவிட்டார்கள். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சட்டை முழுக்க நனைந்திருந்தது, கை சில்லென்று இருந்தது. பேர் கேட்டால் வேறு ஏதோ சொன்னார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 50-க்குக் கீழே. காலையில் வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குக் கிளம்பும்போதே சர்க்கரைக்கு ஊசியும் போட்டு, மாத்திரையும் போட்டிருக்கிறார். சாமி கும்பிட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று இருந்திருக்கிறார். அப்புறம் கூட்டம் அதிகமாகும் என்று பையன் நேராக மலைப் பக்கம் வண்டியை விட்டுவிட்டார். விழுங்கும் நிலையில் இருந்ததால் ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்து, "பையன் சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள், கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுக்கிறவர்கள் வீட்டில் இருந்தால், மலை ஏறும் நாளில் அவர்களுடைய சாப்பாட்டு நேரத்தை வைத்துத்தான் வண்டி கிளம்பும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். சாப்பாடு கண் முன்னால் இருந்தால்தான் ஊசி. கைக்கு எட்டும் பையில் குளுக்கோஸ் பாக்கெட்டும் பிஸ்கட்டும் இருக்கட்டும். வேர்வை, படபடப்பு, பேச்சில் குழறல் வந்தால் வாந்தி மாத்திரை தேடாதீர்கள், முதலில் சர்க்கரையைக் கொடுங்கள். மூன்று டீஸ்பூன் போதும், கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் திரும்பவும் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றவே கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெரியவர்கள் செய்யும் இன்னொரு காரியம் உண்டு. வழியில் பாத்ரூம் கிடைக்காது என்று பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள், பிரஷருக்காகக் கொடுத்த நீர் மாத்திரையையும் (சிறுநீரை அதிகம் போகவைப்பது) நிறுத்திவிடுவார்கள். கேட்டால் சொல்லவும் மாட்டார்கள், குறிப்பாகப் பாட்டிகள். பிரஷர் மாத்திரையை நாலு நாள் நிறுத்திவிட்டு ஊட்டிக் குளிரில் நடப்பது ஆபத்து. நீர் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி "இறங்கிட்டு வாங்க" என்று நீங்களே கூப்பிடுங்கள்.

இனி வாந்தி. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு "வண்டி வளைகிறது" என்கிறது. செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் "எல்லாம் அசையாமல் இருக்கிறது" என்கிறது. இந்த முரண்பாடுதான் வயிற்றைப் புரட்டுகிறது. 2 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இது அதிகம். அதனால் போனை வாங்கி வைத்துவிட்டு, தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வெறும் வயிற்றில் போனால் வாந்தி வராது என்று நம்பிக் குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி கொடுத்தால் போதும். புரோட்டாவும் பூரியும் ஊட்டி போய்ச் சேர்ந்த பிறகு இருக்கட்டும்.

மாத்திரை பற்றி ஒரு விஷயம். கல்லாறில் முதல் வளைவு வந்ததும் மாத்திரை போட்டுப் பயனில்லை. கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். புரோமெத்தசின் கலந்த மாத்திரை, சிரப் எதையும் இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது, அதற்கு மேலும் டாக்டர் சொன்ன அளவுதான். இந்த மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும் என்பதால் வண்டி ஓட்டுகிறவர் போடக் கூடாது. புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. மருந்துக்கடையில் "வாந்தி மாத்திரை" என்று மட்டும் கேட்டு வாங்கி வீட்டில் எல்லோரும் ஆளுக்கு ஒன்று போடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

சரி, எதை முதலில் வைப்பது? வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது: ராத்திரி ரயிலில் வந்த அன்றைக்கே மலை ஏறாதீர்கள். தூக்கம் கெட்டு, பாதி வயிற்றோடு, வளைவுகளில் ஏறினால் குழந்தைகளுக்கு அன்றைய தினமே போய்விடும். வண்டி ஓட்டுகிறவரும் தூங்காதவர் என்றால் கேட்கவே வேண்டாம். முதல் நாள் கோவையில் தங்குங்கள். வெயில் ஏறும் முன் கோயில், மத்தியானம் வீட்டில் ஓய்வு, சாயங்காலம் ரேஸ்கோர்ஸில் நடை. மறுநாள் விடியலில் கிளம்பினால் கல்லாறைக் கூட்டத்துக்கு முன்னால் தாண்டிவிடலாம். நேராக ஊட்டிக்கு ஏறாமல், சுமார் 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் இறங்கி, சிம்ஸ் பூங்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் முதியவர்களுக்கு எளிது. மலை ரயிலில் டிக்கெட் கிடைத்தால் வேகம் குறைவு என்பதால் வயிற்றுக்கு நல்லது. ஆனால் 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். முதுகுவலிக்காரர்கள் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டி, வாடகை வண்டி எதுவானாலும் 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் எடுக்கும் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். விதிகள் மாறக்கூடும், தேதி முடிவு செய்யும் முன்பே பார்த்துவிடுங்கள். செக்போஸ்ட்டில் வெயிலில் நின்றுகொண்டு போனில் பாஸ் எடுக்கும்போது, பின்சீட்டில் கைக்குழந்தை காய்ந்துகொண்டிருக்கும்.

மேலே போன பிறகு ஒன்றில் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. குளிருக்குக் கரி அடுப்பையோ கிரில் சுட்ட தணலையோ ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலை ஊர்களில் இப்படி நடந்த சாவுகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். தலைவலி, குமட்டல் ஒரே நேரத்தில் ரூமில் எல்லோருக்கும் வந்தால், மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று படுக்காமல், உடனே எல்லோரையும் வெளியே கூட்டிப் போய்விட்டு 108-க்குக் கூப்பிடுங்கள். காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே அபாயம்தான். கூடுதலாக ஒரு கம்பளி கேட்டால் ஹோட்டலில் கொடுப்பார்கள்.

ஊட்டி வெயிலும் சுடும். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும், குளிரில் அது தெரியாது. குழந்தைகளுக்குத் தொப்பி போடுங்கள்.

இறங்கும் நாளில் காது. சளி பிடித்த குழந்தைக்கு ஏறுவதைவிட இறங்கும்போதுதான் காது அடைத்து வலிக்கும். பெரிய பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து எச்சில் விழுங்கச் சொல்லலாம். கைக்குழந்தை அழுதால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள். சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாக விடுவார்கள், அங்கேயும் நெரிசல் இருக்கும். அன்று ராத்திரியே ரயில் என்றால் மத்தியானத்துக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். கோவைக்கு ஒதுக்கிய இரண்டு நாளில் ஒன்றைக் கடைசிக்கு மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. கீழே வந்ததும் இன்சுலின் பையைப் பூட்டிய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மேலே ஸ்வெட்டர் போட்ட நினைப்பில் இருப்போம், மேட்டுப்பாளையம் வெயிலில் அடைத்த கார் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தொட்டுவிடும், அந்த மருந்து அப்புறம் உதவாது.